டெக் விலை 3 மடங்கு, நட்சத்திரம் 1000: ஆட்டம் ஏன் நகரவில்லை?

கேள்வி சுருக்கமாக இது. சேலம் கன்னங்குறிச்சியில் ஒரு மாடி அறையில் ஐந்து நண்பர்கள் ஞாயிறுதோறும் லேப்டாப்புகளோடு கூடி ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி வியூக ஆட்டம் ஆடுகிறார்கள். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று தொடக்கத்திலேயே தொழில்நுட்ப (டெக்) விலையை, அதாவது ஒரு கண்டுபிடிப்புக்குத் தேவையான ஆராய்ச்சிப் புள்ளிகளை, 3 மடங்காக வைத்துவிட்டார்கள். கேலக்ஸியில் 1000 நட்சத்திரங்கள். எதிரிகளின் கடினம் கிராண்ட் அட்மிரல், அதாவது உச்ச நிலை. மற்ற எதையும் தொடவில்லை. பல வாரம் ஆகியும், கார்வெட்டுக்கு அடுத்த போர்க்கப்பல் வகையான டெஸ்ட்ராயரைத் தாண்ட முடியவில்லை. கடினத்தை உச்சத்தில் வைத்ததால்தான் ஆராய்ச்சி விலை ஏறிவிட்டது என்கிறார் ஒரு நண்பர். கேலக்ஸி பெரிதாக இருப்பதால்தான் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? மே மாதம் ஏற்காட்டில் வீடு எடுத்து மூன்று நாள் ஆடப்போகிறார்களாம், அதற்கு என்ன செட்டிங்ஸ் வைக்கலாம்?

ஸ்டெல்லாரிஸைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் சரியில்லை. கடினம் உங்கள் டெக் விலையை ஏற்றுவதில்லை, நட்சத்திர எண்ணிக்கையும் ஏற்றுவதில்லை. விலை ஏறியது நீங்களே நகர்த்திய அந்த ஸ்லைடரால், அதற்கு மேல் உங்கள் பேரரசின் அளவால். ஆனால் இரண்டு நண்பர்களும் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். வேறு ஆட்டங்களில் இருவர் சொன்னதும் உண்மை. எதையோ பழைய ஆட்டத்தில் பார்த்து, அதே கணக்கை இங்கேயும் போட்டிருக்கிறார்கள்.

முதல் நண்பர் மாஸ்டர் ஆஃப் ஓரியன் ஆடியவராக இருக்கலாம். 1993இல் வந்த ஆட்டம், விண்வெளி வியூக ஆட்டங்களின் முன்னோடிகளில் ஒன்று. அதில் ஆராய்ச்சி ஆறு துறைகளாகப் பிரிந்திருக்கும்: கணினி, கட்டுமானம், காப்புக் கவசம், கோளியல், உந்துவிசை, ஆயுதம். ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரு நிலை எண் உண்டு. விலை அந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 10ஆம் நிலையில் இருப்பதற்கு 100 பங்கு என்றால் 20ஆம் நிலைக்கு 200 அல்ல, 400 பங்கு. அதன் மேல் இரண்டு பெருக்கல்கள். ஒன்று உங்கள் இனத்தின் திறமை: ஒரு துறையில் கெட்டிக்கார இனத்துக்கு விலை குறைவு, மந்தமான இனத்துக்கு அதிகம். இன்னொன்று நீங்கள் தேர்ந்தெடுத்த கடினம். சிம்பிளில் ஆடுபவரைவிட இம்பாசிபிளில் ஆடும் மனிதர் அதே கண்டுபிடிப்புக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆக, கடினம் விலையை ஏற்றும் என்று நம்பும் ஒருவர் இங்கே கற்றுக்கொண்டிருந்தால் தப்பே இல்லை.

இரண்டாம் நண்பர் சொல்வது சிவிலைசேஷன் 4இன் வழக்கம். அது பூமியில் நடக்கும் ஆட்டம்தான், ஆனால் 2007இல் வந்த பியாண்ட் த ஸ்வார்ட் விரிவாக்கத்தோடு ஃபைனல் ஃப்ரான்டியர் என்ற முழு விண்வெளி ஆட்டமும் கூடவே வந்தது. சிவிலைசேஷன் 4இல் உலக வரைபடம் பெரிதானால் ஆராய்ச்சி விலை ஏறும், கடினம் கூடினால் ஏறும், ஆட்ட வேகம் மெதுவானாலும் ஏறும். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று பெருகும். பெரிய வரைபடத்தில் நகரங்கள் அதிகம், நகரங்கள் அதிகமானால் ஆராய்ச்சி வரவும் அதிகம். அதை ஈடுகட்டத்தான் விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் 1996இன் மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் விலை எழுதிவைத்த எண். கேலக்ஸி சிறியதோ பெரியதோ அது மாறாது. அதனால் சிறிய கேலக்ஸியில் லேசர் காலத்திலேயே சண்டை தொடங்கிவிடும். மிகப் பெரிய கேலக்ஸியிலோ, பக்கத்து இனத்தோடு முதல் பெரிய போர் வருவதற்குள் ஆராய்ச்சி மரத்தில் பாதி ஏறியிருப்போம். விலை என்ற எண் மாறாமலே அதன் எடை மாறிவிடுகிறது. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆராய்ச்சி விலை தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. கப்பல் கட்டும் நாள், கப்பல் கட்டத் தேவையான அலாய் என்ற உலோகக் கலவையின் உற்பத்தி, மக்கள் பெருகும் வேகம், ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நேரம், ஆபத்து வந்து சேரும் ஆண்டு ஆகிய இவற்றோடு ஒப்பிட்டுத்தான் விலை அதிகமா குறைவா என்று சொல்ல முடியும். ஒரு செட்டிங்கைத் தொடும்போது கேட்க வேண்டியது, இதோடு சேர்ந்து எவையெல்லாம் நகர்கின்றன, எவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்பதுதான்.

சிவிலைசேஷன் 4இன் மாரத்தான் வேகம் நல்ல உதாரணம். நார்மல் வேகத்தோடு ஒப்பிட்டால் ஆராய்ச்சி 3 மடங்கு, கட்டடம் 3 மடங்கு. ஆனால் படைகளைத் தயாரிக்க 2 மடங்குதான். படைகள் நகரும் தூரம் மாறவே இல்லை. விளைவு, ஒரு டெக் பழசாவதற்குள் படை திரட்டி, நடத்திச் சென்று, ஒரு நாட்டையே முடித்துவிட நேரம் கிடைக்கும். மெதுவான வேகம் சாதுவான ஆட்டம் என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. நடப்பது தலைகீழ், மாரத்தான் சண்டைக்காரர்களின் சொர்க்கம்.

ஸ்டெல்லாரிஸின் டெக் விலை ஸ்லைடர் இதைவிடக் குறுகிய வேலை செய்கிறது. கால் மடங்கிலிருந்து 5 மடங்கு வரை வைக்கலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தும், மனிதர், கம்ப்யூட்டர் என்ற வித்தியாசம் கிடையாது. சில பதிப்புகளில் மரபுகள் (பேரரசுக்கு நிரந்தரப் பலன் தரும் தேர்வுகள்) விலையும் அதே ஸ்லைடரில் சேர்ந்து நகரும், அதையும் கவனியுங்கள். நகராதவை எவை? கிட்டத்தட்ட மற்ற எல்லாமே. சுரங்க வரவு அதேதான். கார்வெட் கட்டும் நாள் அதேதான். மக்கள் பெருக்கம், சர்வே, காலனி, நட்சத்திரங்களை இணைக்கும் ஹைப்பர்லேன் பாதைகளில் பயணம் எல்லாம் பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 3 மடங்கு விலையில் என்ன நடக்கிறது என்றால், கஜானா நிரம்புகிறது, கப்பல்துறை சும்மா நிற்கிறது, ஆனால் கட்டுவதற்குக் கார்வெட்டும் டெஸ்ட்ராயரும் மட்டுமே கையில் இருக்கின்றன. உங்கள் கன்னங்குறிச்சி மாடியில் நடந்தது அச்சு அசலாக இதுதான்.

இதை நான் குறை என்று சொல்லமாட்டேன். விலை அதிகமானால் ஒவ்வொரு கப்பல் வகைக்கும் ஒரு காலம் கிடைக்கிறது. கால் மடங்கு விலையில் டெஸ்ட்ராயர் என்ற கப்பலை யாருமே கட்டுவதில்லை. வடிவமைத்து முடிப்பதற்குள் க்ரூசர் வந்துவிடும், க்ரூசர் இரண்டு கட்டுவதற்குள் பேட்டில்ஷிப். அப்புறம் முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் ஐந்து சதவீத, பத்து சதவீத மேம்பாடுகளை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த ஆட்டத்தைவிடக் கார்வெட் யுத்தம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கு ஐந்து பேரும் சண்டை போடத் தயாராக இருக்க வேண்டும். சமாதானமாக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து வளரலாம் என்று நினைக்கும் ஐந்து பேருக்கு 3 மடங்கு விலை என்பது சும்மா காத்திருப்பதுதான்.

அடுத்து, பேரரசின் அளவு. ஸ்டெல்லாரிஸ் வந்த 2016லிருந்து ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது. பெயரும் கணக்கும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன, கருத்து ஒன்றுதான். கோள்கள், நட்சத்திர மண்டலங்கள், மக்கள் தொகை எல்லாம் சேர்ந்து ஓர் எண் வரும். அது ஒரு வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு புள்ளிக்கும் டெக் விலை கொஞ்சம் ஏறும். திரையின் மேல்பட்டியில் அந்த எண்ணின் மேல் மவுஸை வைத்தால் உங்கள் விலை இப்போது எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று காட்டும். புதிதாக ஆடுபவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும்: கஷ்டப்பட்டு விரிவாக்கியதற்குத் தண்டனையா? தட்டுவடை செட் போடும் ஒரு தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி இருந்தால் புதுச் சட்னி ஒன்றை ஒரு நாளில் அறிமுகப்படுத்திவிடலாம். ஐந்து ரோட்டில் ஒன்று, அஸ்தம்பட்டியில் ஒன்று, அம்மாப்பேட்டையில் ஒன்று என்று ஆகிவிட்டால் அதே சட்னியை மூன்று இடத்தில் மூன்று பேருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். வியாபாரமும் மூன்று மடங்கு ஆனால் சரி, ஆகாவிட்டால் நஷ்டம்.

கணக்காகவே பார்ப்போம். எண்கள் நான் வசதிக்கு எடுத்துக்கொண்டவை. ஒரு டெக்கின் அடிப்படை விலை 2000, உங்கள் மாத ஆராய்ச்சி வரவு 100. சாதாரண விலையில் 20 மாதம். 3 மடங்கில் விலை 6000, அதாவது 60 மாதம், முழுசாக ஐந்து ஆண்டு. இப்போது விரிவாக்கம் செய்து பேரரசின் அளவால் விலை 30 சதவீதம் ஏறியது என்றால் 7800. வரவு 100லேயே நின்றால் 78 மாதம். புதுக் கோள்களால் வரவு 160 ஆகியிருந்தால் 49 மாதத்துக்குக் குறைவு, லாபம். வரவு 120 மட்டுமே என்றால் 65 மாதம், விரிவாக்கியதில் ஆராய்ச்சிக்கு நஷ்டம். விலை எத்தனை சதவீதம் ஏறுகிறதோ, வரவும் குறைந்தது அத்தனை சதவீதம் ஏற வேண்டும், இவ்வளவுதான் விதி. அதனால் நட்சத்திரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆராய்ச்சி நிலையம்கூடக் கட்டாமல் விடுபவர்தான் நஷ்டப்படுகிறார், பெரிதாக இருப்பவர் அல்ல.

கேலக்ஸியின் அளவு இந்த வழியாகத்தான் சுற்றிவந்து உங்களைத் தொடுகிறது. 1000 நட்சத்திரத்தில் ஐந்து பேரும் சில கம்ப்யூட்டர் எதிரிகளும் என்றால் ஆளுக்கு நிறைய இடம். இடம் இருந்தால் பிடிப்போம். பிடித்தால் அளவு ஏறும், விலை ஏறும். இரண்டாம் நண்பர் கண்ணால் பார்த்தது உண்மை, காரணம் மட்டும் வேறு.

முதல் நண்பருக்கும் இதே போல ஒரு சமாதானம் சொல்லலாம். கிராண்ட் அட்மிரலில் கம்ப்யூட்டர் எதிரிகளின் உற்பத்திக்குப் பெரிய ஊக்கம் கிடைக்கிறது. உங்கள் விலை மாறவில்லை, அவர்களுடைய வரவு மாறிவிட்டது. நீங்கள் டெஸ்ட்ராயரில் இருக்கும்போது அவர்கள் க்ரூசரோடு எல்லையில் வந்து நின்றால், விலை நமக்கு மட்டும் அதிகம் என்றுதான் மனசுக்குத் தோன்றும். விலை உயர்ந்த ஆட்டத்தில் இந்த இடைவெளி இன்னும் உறைக்கும், ஏனென்றால் அவர்கள் ஒரு டெக் முன்னால் இருந்தால் அந்த ஒரு டெக் பல ஆண்டுகளுக்கு முன்னால் என்று அர்த்தம். எதிரிகளின் ஊக்கம் ஆட்டம் போகப்போகச் சிறிது சிறிதாகக் கூடும்படி வைக்கும் ஒரு தேர்வும் உண்டு. 3 மடங்கு விலையோடு கிராண்ட் அட்மிரலும் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதையாவது இயக்கிவிடுங்கள்.

நீங்கள் தொடாமல் விட்டவற்றில் மிக முக்கியமானது ஆண்டுகள். ஆட்டம் 2200இல் தொடங்குகிறது. இடைக்காலம் 2300, இறுதிக்காலம் 2400, வெற்றி ஆண்டு 2500 என்பது பழகிப்போன இயல்பு அளவுகள். இறுதிக்காலத்துக்குப் பிறகு கேலக்ஸியையே விழுங்க வரும் நெருக்கடி இந்த ஆண்டைப் பார்த்துத்தான் வரும். நீங்கள் எந்த டெக்கில் இருக்கிறீர்கள் என்று பார்த்து வராது. சாதாரண விலையில் 2400இல் பேட்டில்ஷிப்புகள், நல்ல கவசம், திரும்ப வரும் மேம்பாடுகள் சில எல்லாம் கையில் இருக்கும். 3 மடங்கு விலையில் அதே 2400இல் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நெருக்கடியின் பலத்துக்குத் தனி ஸ்லைடர் இருக்கிறது. அதைக் குறைக்காமல், ஆண்டையும் தள்ளாமல் விலையை மட்டும் ஏற்றியது, தெரியாமலே நெருக்கடியின் பலத்தை ஏற்றியதற்குச் சமம். தொடக்கத்திலிருந்தே முழு டெக்கோடு உட்கார்ந்திருக்கும் வீழ்ந்த பேரரசுகளுக்கும் இதே லாபம்தான். அவர்கள் எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உங்கள் விலை ஏற ஏற அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே பெரிய ஆளாகிவிடுகிறார்கள்.

ஆண்டையும் 3 மடங்கு தள்ள வேண்டுமா என்றால், வேண்டாம். உங்கள் மாத வரவு ஒரே எண்ணில் நிற்பதில்லை, கோளும் மக்களும் பெருகப் பெருக அதுவும் வளர்கிறது. அதனால் விலை இரு மடங்கு ஆனால் அதே இடத்துக்கு வந்து சேர இரு மடங்கு காலம் பிடிக்காது. பாதி அளவு, சில சமயம் அதற்கும் குறைவாகத் தள்ளினாலே போதும்.

விலை ஏறும்போது சில பரிசுகளின் மதிப்பும் மாறுகிறது. போருக்குப் பிறகு சிதைந்து கிடக்கும் எதிரிக் கப்பல்களை விஞ்ஞானக் கப்பல் ஆராய்ந்தால் ஒரு டெக்கில் இத்தனை சதவீதம் முன்னேற்றம் என்று கிடைக்கும். சதவீதம் என்பதால் விலை 3 மடங்கானால் அந்தப் பரிசும் 3 மடங்கு. விசித்திர நிகழ்வுகளை ஆராய்ந்து எண்ணிக்கையாகக் கிடைக்கும் ஆராய்ச்சிப் புள்ளிகளோ அதே அளவில்தான் இருக்கும், ஆகவே மூன்றில் ஒரு பங்கு மதிப்புதான். உங்கள் ஆட்டத்தில் ஒரு போருக்குப் பிறகு குப்பை பொறுக்காமல் போவது பெரிய இழப்பு. நம்மைவிட முன்னேறிய எதிரியோடு ஒரு சின்ன சண்டையில் ஜெயித்தால் அந்தக் குப்பையிலிருந்தே நம்மிடம் இல்லாத டெக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

சீட்டுத் தேர்வும் கனத்துப் போகிறது. ஸ்டெல்லாரிஸில் மரம் முழுசாகக் கண்ணுக்குத் தெரியாது. பௌதிகம், சமூகம், பொறியியல் என்ற மூன்று துறையிலும் சில சீட்டுகள் வரும், அதில் ஒன்றை எடுக்க வேண்டும். விலை மாறினாலும் சீட்டு எண்ணிக்கை மாறாது. 20 மாதத்தில் முடியும் சீட்டைத் தப்பாக எடுத்தால் போகட்டும் என்று விடலாம், 60 மாதச் சீட்டை அப்படி விட முடியாது. 3 மடங்கு விலையில் முதல் முப்பது ஆண்டுக்கு ஆராய்ச்சி வரவையே கூட்டும் சீட்டுகளைத் தவிர வேறெதையும் எடுக்க யோசிப்பேன்.

இப்போது ஓடும் ஆட்டத்துக்கு வருவோம். தொடங்கிய பிறகு டெக் விலை ஸ்லைடரை ஆட்டத்துக்குள் இருந்து மாற்ற முடியாது. ஆனால் நீங்கள் ஐந்து மனிதர்கள், அதுவே பெரிய மருந்து. ஆளுக்கு ஆள் ஆராய்ச்சி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்புக்கு ஏற்கெனவே தெரிந்த டெக்கை நாம் ஆராயும்போது 25 சதவீதம் வேகம் கூடும். முன்பு சொன்ன 6000 விலை டெக் 60 மாதத்திலிருந்து 48 மாதத்துக்கு இறங்கும். இதன் முழுப் பயன் கிடைக்க ஐந்து பேரும் ஒரே சீட்டைப் பின்தொடரக் கூடாது. ஒருவர் ஆயுதத்தில் முன்னால் போகட்டும், ஒருவர் சமூகத் துறையில், ஒருவர் கவசத்தில், மற்றவர்கள் பின்னால் 25 சதவீத வேகத்தில் தொடரட்டும். ஆராய்ச்சிக்கென்றே ஒரு கூட்டமைப்பு வகையும் உண்டு, ஃபெடரேஷன்ஸ் விரிவாக்கம் உங்களிடம் இருந்தால். ஐவரும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுகிறீர்கள் என்றால் இதெல்லாம் நடக்காது, அப்போது கார்வெட்டோடு பக்கத்து வீட்டுக்காரரைத் தாக்குவதே வழி.

ஒப்பந்தம் பற்றிப் பேசும்போது இன்னொரு செட்டிங்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல ஆட்டங்களில் விலை ஸ்லைடரைவிட இதற்குப் பலம் அதிகம்: டெக் பரிமாற்றம். நேரடியாக டெக்கைக் கொடுத்து டெக்கை வாங்கலாம் என்று இருக்கும் ஆட்டத்தில் ஐந்து நண்பர்கள் பிரித்துக்கொண்டு ஆராய்ந்தால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு விலைதான். சிவிலைசேஷன் 4இன் பியாண்ட் த ஸ்வார்டில் இதற்காகவே இரண்டு பூட்டு இருக்கின்றன. ஒன்று பரிமாற்றமே கிடையாது. இன்னொன்று, நீங்களே கண்டுபிடித்ததைக் கொடுக்கலாம், வாங்கியதை மறுவிற்பனை செய்ய முடியாது. இரண்டாவது நல்ல நடுவழி. பரிமாற்றத்தைத் திறந்துவைத்துவிட்டு விலையை இரண்டு மடங்கு ஏற்றி என்ன பயன்? பேச்சுத் திறமை உள்ளவர் பாதி விலைகூடக் கொடுக்காமல் வாங்கிவிடுவார்.

வேறு ஆட்டங்களுக்குப் போனால் என்னென்ன பெயரில் இது இருக்கும் என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீஓரியன் இலவச ஆட்டம். அதன் விதிகள் பக்கத்தில் டெக் விலைப் பெருக்கல் எண் இருக்கிறது, கூடவே ஒவ்வொரு டெக்குக்கும் குறைந்தபட்சச் சுற்றுகள் என்ற வரம்பும் உண்டு. எவ்வளவு ஆராய்ச்சிப் புள்ளி குவித்து வைத்திருந்தாலும் அந்தச் சுற்றுகளுக்கு முன் முடியாது. அதனால் அங்கே விலையைப் பாதியாகக் குறைத்தாலும் ஆட்டம் இரு மடங்கு வேகமாகாது, பல டெக்குகள் ஒரே நேரத்தில் ஓடும், அவ்வளவுதான். முதல் மாஸ்டர் ஆஃப் ஓரியனை மறுபடி எழுதிய ரெம்னன்ட்ஸ் ஆஃப் த பிரீகர்சர்ஸ் என்ற இலவச ஆட்டத்தில் ஆராய்ச்சி வேகத்தை மெதுவாக்கும் தனித் தேர்வு இருக்கிறது. பழைய ஆட்டத்தை ரசிப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். அரோரா என்ற, எக்செல் ஷீட்டைப் போலவே தோன்றும் ஆட்டத்தில் ஆராய்ச்சி வேகத்தைச் சதவீதமாகவே எழுதிவிடலாம். அதை நண்பர்களோடு ஆட நினைக்க வேண்டாம், தனிமையில் செய்யும் தவம் அது.

சரி, ஏற்காடு. மூன்று நாள், தினம் ஏழெட்டு மணி நேரம், அதற்கு மேல் யாராலும் முடியாது, மலைக்குப் போய்விட்டு அறைக்குள்ளேயே கிடந்தால் வீட்டில் திட்டும் விழும். இந்த ஆட்டம் முடிய வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினால் அதை யாரும் மறுபடி திறக்கப்போவதில்லை. அதற்கு டெக் விலை முக்கால் மடங்கு, இடைக்காலம் 2250, இறுதிக்காலம் 2300, வெற்றி ஆண்டு 2350. நட்சத்திரம் 400 போதும், 1000 கிட்டவே போக வேண்டாம். வாழத்தகுந்த கோள்களைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், அரை மடங்கு வரை இறக்கலாம். ஆட்டம் முற்றும்போது மெஷின் திணறுவதற்கு மக்கள் தொகைதான் பெரிய காரணம், பலர் சேர்ந்து ஆடும்போது இருப்பதிலேயே மெதுவான லேப்டாப்பின் வேகத்தில்தான் எல்லோரும் நகர வேண்டும். ஆண்டைத் தள்ளுவதும் நட்சத்திரத்தைக் கூட்டுவதும் அந்தப் பழைய லேப்டாப்பைத்தான் போய்த் தாக்கும். இறுதிக்காலத்தை நூறு ஆண்டு முன்னால் இழுத்திருப்பதால் நெருக்கடியின் பலத்தைப் பாதியாக்குங்கள், முக்கால் மடங்கு விலை மட்டும் அந்த இடைவெளியை நிரப்பாது. கடினம் கேப்டன் அல்லது கமடோர். கிராண்ட் அட்மிரல் வேண்டாம், எதிரிகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள். ஐந்து மனிதர்கள் இருக்கும்போது கம்ப்யூட்டர் எதிரிகள் வெறும் பின்னணிதான்.

ஞாயிற்றுக்கிழமை நீள் ஆட்டத்தை அடுத்த முறை தொடங்கும்போது விலையை 3இல் வைக்காதீர்கள், ஒன்றரை வையுங்கள். இடைக்காலம் 2325, இறுதிக்காலம் 2450, வெற்றி 2550. நட்சத்திரம் 600. கார்வெட் காலமும் டெஸ்ட்ராயர் காலமும் தனித்தனியாகத் தெரியும், ஆனால் யாரும் கொட்டாவி விடமாட்டார்கள். ஐவரும் போர்ப்பிரியர்கள் என்று தெரிந்தால் 2 மடங்குக்குப் போகலாம். அதற்கு மேல் நான் பரிந்துரைக்கமாட்டேன். 5 மடங்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், தனியாக ஆடி, தினமும் ஆடி, அவசரமே இல்லாதவர்களுக்கு அது.

பதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதம் வந்த 4.0இல் மக்கள் தொகை அமைப்பையே மாற்றி எழுதிவிட்டார்கள், அதனால் அதற்கு முன்பு யாராவது எழுதிவைத்த 'இத்தனையாம் ஆண்டில் இத்தனை ஆராய்ச்சி வரவு இருக்க வேண்டும்' என்ற அட்டவணைகளை அப்படியே நம்ப வேண்டாம். ஐந்து லேப்டாப்பிலும் ஒரே பதிப்பு, ஒரே மோட்கள் (ரசிகர்கள் செய்த கூடுதல் மாற்றங்கள்) இருக்கின்றனவா என்று சேலத்திலேயே சரிபார்த்துவிட்டு மலையேறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்த பிறகு ஐந்து பேரும் ஒரே சிக்னலில் அப்டேட் இறக்கிக்கொண்டிருந்தால் முதல் நாள் அதிலேயே போய்விடும். மே மாதம் கோடை விழாக் கூட்டம் வேறு, வீட்டை இப்போதே பேசிவிடுங்கள். கோடை மழையில் கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும், ரவுட்டர் தாங்காது. அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்டோசேவை அடிக்கடி விழும்படி வையுங்கள், ஹோஸ்ட் செய்பவர் இருப்பதிலேயே நல்ல மெஷின் வைத்திருப்பவராக இருக்கட்டும்.